சுருட்டுக் கொட்டில்கள் மூடுண்டபோது இழந்தவர் யார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுவோர் சுருட்டுத் தொழிலுக்கென ஒரு பந்தியை ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அப்பந்தியின் வாய்பாடும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு காலத்தில் தென்னிலங்கையெங்கும் யாழ்ப்பாணச் சுருட்டு மணந்தது, பின்னர் சிகரெற் வந்தது, பீடி வந்தது, இனக்கலவரங்களும் போரும் வந்தன, தொழில் நலிந்தது, முற்றுப்புள்ளி. இவ்வாய்பாட்டில் கூறப்படுவன எவையும் பொய்யல்ல. ஆயினும் இதில் ஓர் எழுவாய் குறைகிறது. தொழில் 'நலிந்தது' என்று எழுதும் பேனா, அத்தொழிலைத் தம் விரல்களாற் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுதுவதில்லை. மழை பெய்தது, வெள்ளம் வடிந்தது என்பதுபோல அவர்களுடைய வாழ்வின் சரிவும் இயற்கையின் கூற்றாகவே கருதப்பட்டுவிடுகிறது.

ஒரு தொழில் நலிவது வேறு. அதில் உழைத்தவர் வெறுங்கையுடன் வெளியேற்றப்படுவது வேறு. முன்னதற்குக் காரணங்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை எவராலும் தடுக்க முடியாதவை. சில தடுக்கப்பட வேண்டாதவையும் கூட. பின்னதற்கோ காரணம் தொழிலின் நலிவன்று. அத்தொழில் செழித்திருந்த நாளிலேயே, அதன் இலாபம் எவரைச் சேர்வது, நட்டம் எவர் தலையில் விழுவது என்று வகுக்கப்பட்டிருந்த முறையே காரணம். செழித்த நாளில் வெளித்தெரியாதிருந்த அம்முறை நலிந்த நாளில் தன் முகத்தைக் காட்டிற்று என்பதே உண்மை.

குடாநாட்டின் செம்மண்ணில் விளைந்த புகையிலை முதலில் நாடிச் சென்றது தென்னிலங்கையை அன்று, மலையாள நாட்டையே. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் திருவிதாங்கூருக்குச் சென்ற மெல்லும் புகையிலையே யாழ்ப்பாணத்தின் பெரும் பணப்பயிராக விளங்கியது. அச்சந்தை திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைக் கொள்முதலையும் தீர்வையையும் நம்பி நின்றமையால், அங்கு ஒரு கட்டளை மாறினால் இங்கு ஒரு தோட்டம் தரிசாகும் நிலை இருந்தது. அச்சந்தை சுருங்கியபோது உள்நாட்டுப் புகைப்போரை நோக்கித் திரும்பியதன் விளைவே சுருட்டுத் தொழிலின் பெருக்கம். கொக்குவில், கோண்டாவில், வண்ணார்பண்ணை முதலான இடங்களில் கொட்டில்கள் எழுந்தன. தென்னிலங்கையின் பட்டினங்களிலும் தோட்டப்புறத்துக் கடைத்தெருக்களிலும் யாழ்ப்பாணத்தார் சுருட்டுக்கடைகளைத் திறந்தனர். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஊரிற் கொட்டிலை நடத்த, தம்பி தெற்கிற் கடையை நடத்துவான். அவ்வாறு வந்த பணமே பல கல்வீடுகளையும், சில பாடசாலைக் கட்டடங்களையும், எண்ணற்ற கோயில் மண்டபங்களையும் எழுப்பியது. உபயகாரர் பெயர் இன்றும் கல்லிற் காணப்படுகிறது. சுற்றியவர் பெயரைத் தேடுவோர் கல்லிலும் காணார், கடதாசியிலும் காணார்.

சுருட்டு எவ்வாறு உருவாகிறது என்பதை அறியாதார் அதனை எளிய கைவேலை என்பர். தோட்டத்தில் வெட்டி வாடவிட்ட இலை புகைக் குடிலில் ஏற்றப்பட்டுப் பொச்சுமட்டை, ஊமல் முதலியவற்றின் புகையிற் பதமாகிறது. பின்னர் இலையின் நடுநரம்பு அகற்றப்பட வேண்டும். பல இடங்களில் இது பெண்களுக்கும் சிறுவருக்கும் உரிய வேலையாக ஒதுக்கப்பட்டிருந்தது. தென்னிலங்கைப் புகைப்போர் விரும்பிய சுருட்டுக்குக் 'கோடா' என வழங்கும் இனிப்புக் கலந்த ஊறற்சாறு போட வேண்டும். கோடாவின் பக்குவம் கொட்டிலுக்குக் கொட்டில் வேறுபடும். அது குடும்ப இரகசியமாகக் காக்கப்பட்டது. இவ்வளவும் முடிந்த பின்னரே சுற்றுபவரின் முறை வருகிறது. நிலத்திற் சம்மணமிட்டு, மடியில் அல்லது முன்னே பலகையை வைத்து, உள்ளே வைக்கும் இலையை அளவாகத் திரட்டி, மேலிலையைக் கத்தியால் வெட்டி, இறுக்கமும் தளர்வும் கூடாமற் குறையாமற் சுற்றி ஒட்ட வேண்டும். இறுகினால் புகை வராது. தளர்ந்தால் பற்றி எரிந்துவிடும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இதே இருப்பு. புகையிலைத் தூள் மூச்சிலும், அதன் சாறு விரலிலும், அதன் மணம் உடுத்த வேட்டியிலும் படிந்திருக்கும். இருபது ஆண்டு சுற்றியவரை முழங்காலாலும் முதுகாலும் இனங்காணலாம். அவர் இருமினால் ஐயம் மிச்சமிராது.

இவ்வுழைப்பிற்குக் கூலி நாட்கணக்கிற் கொடுக்கப்பட்டதன்று. ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்பதே கணக்கு. துண்டுவேலை முறை உழைப்பாளிக்குச் சுதந்திரம் தருவது என்று வாதிப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். வேண்டியபோது வரலாம், வேண்டாதபோது போகலாம், வேகமான கைக்கு வேகமான காசு என்பது அவர்கள் வாதம். இச்சுதந்திரத்தின் மறுபக்கத்தை நோக்க வேண்டும். நோயுற்ற நாளுக்குக் கூலியில்லை. திருவிழா நாளுக்குக் கூலியில்லை. இலை வந்து சேராத நாளுக்கும், வந்த இலை பதமற்றுப்போன நாளுக்கும் கூலியில்லை. முதலாளி பொறுக்கித் தள்ளிய சுருட்டுக்கும் கூலியில்லை. தள்ளப்பட்ட சுருட்டு குப்பைக்குப் போயிற்றா, வேறு பெட்டிக்குப் போயிற்றா என்று கேட்கும் உரிமையும் சுற்றியவருக்கு இல்லை.

இதனோடு முற்பணம் என்னும் கயிறும் சேர்ந்துகொண்டது. மகளின் கலியாணம், தாயின் அந்தியேட்டி, மாரிக்கு முன் வீட்டு வேய்ச்சல் என எதற்கும் கைநீட்டக்கூடிய ஒரே இடம் முதலாளியின் பெட்டகமே. வாங்கிய தொகை கூலியிற் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். கழியுமுன் அடுத்த தேவை வரும். முற்பணம் தீராமல் வேறு கொட்டிலுக்குப் போக முடியாது. போவதாயின் புதிய முதலாளி பழைய கடனைக் கட்டி ஆளை 'எடுக்க' வேண்டும். ஆளை எடுத்தல் என்னும் இச்சொல்வழக்கு மாட்டுச் சந்தையை நினைவூட்டுவது தற்செயலன்று. முதலாளி நல்லவர், ஆபத்துக்கு உதவியவர் என்று முதிய தொழிலாளர் நன்றியோடு கூறுவதுண்டு. அந்நன்றி பொய்யென்று கூற வேண்டியதில்லை. ஊரில் அவர் அண்ணை முறை, மாமா முறை. கோயில் வீதியில் முன்னின்று சிரிப்பவர். ஆயினும் உறவுமுறை சொல்லி அழைக்கப்படும் ஒருவரிடம் ஓய்வூதியம் கேட்க நா எழாது என்பதையும் அறிந்தே அம்முறை நிலைத்தது.

இவ்விடத்திற் பலருக்கும் பிரியமான ஒரு சித்திரத்தைப் பற்றிக் கூறவேண்டியுள்ளது. கொட்டிலில் ஒருவர் உரத்து வாசிக்க, ஏனையோர் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். 1930 இல் தொடங்கிய ஈழகேசரியும் வீரகேசரியும், பின்னர் 1959 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய ஈழநாடும், தமிழகத்துத் தொடர்கதைகளும் அங்குக் குரலாக ஒலித்தன. எழுத்தறியாத ஒருவர் உலக அரசியலைத் தர்க்கிக்கும் ஆற்றல் பெற்றது அங்குத்தான். இடதுசாரிகள் சுருட்டுத் தொழிலாளரிடையே சங்கம் அமைத்தபோது அவர்கள் பேச்சை விளங்கிக்கொள்ளும் செவி ஏலவே பழகியிருந்தது. இச்சித்திரம் மெய்யானது, பெருமைக்குரியதும் ஆகும். ஆனால் மேடைகளிலும் மலர்களிலும் இதனை மட்டும் எடுத்து மாலை சூட்டும் வழக்கம் வளர்ந்துவருகின்றது. கொட்டில் ஒரு சனசமூக நிலையமாக, ஒரு திறந்த பல்கலைக்கழகமாகவே புகழப்படுகின்றது. அங்கு வாசிப்பை முதலாளி ஏன் அனுமதித்தார் என்று எவரும் கேட்பதில்லை. துண்டுவேலையில் செவி கேட்டுக்கொண்டிருக்கக் கை ஓடும். கேட்கும் சுவையில் ஆள் இருப்பை விட்டு எழாமலும் இருப்பார். அவருக்கு அதனால் ஒரு சதமும் செலவில்லை. கியூபாவின் சுருட்டாலைகளில் 1865 இல் இவ்வாறே வாசிப்புத் தொடங்கியபோது தொழிலாளர் தம் கூலியிலிருந்தே வாசிப்பவருக்குப் பணம் கொடுத்தனர்; மறு ஆண்டிலேயே ஸ்பானிய ஆட்சி அவ்வாசிப்பைத் தடைசெய்தது. ஏனெனில் கேட்டவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டனர். யாழ்ப்பாணத்து வாசிப்பைப் போற்றுவோர், கேட்டவர்கள் கேட்ட கேள்விகளையும் சேர்த்துப் போற்றினால் நன்று. கூலியைப் பற்றியும் பெயரேட்டைப் பற்றியும் அவர்கள் கேட்டவை இன்னும் விடை பெறாமலே உள்ளன.

தொழிலின் இறங்குமுகம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1932 இல் அமைந்த இலங்கைப் புகையிலைக் கொம்பனி, பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கொம்பனியின் கிளையாக இயந்திரச் சிகரெற்றைத் தீவெங்கும் பரப்பியது. சிகரெற் நாகரிகத்தின் அடையாளமாயிற்று. சுருட்டு கிழவரின் கைப்பொருளாயிற்று. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தெற்கிலிருந்த கடைகள் சூறையாடப்பட்டன, எரியூட்டப்பட்டன. ஒவ்வொரு முறையும் சிலர் திரும்பிச் சென்று கடை திறந்தனர். ஒவ்வொரு முறையும் திரும்பியவர் தொகை குறைந்தது. 1990 இல் யாழ்தேவி நின்றது, கண்டி வீதி மூடப்பட்டது, பொருளாதாரத் தடை இறுகியது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் ஒரே இரவில் வெறிச்சோடியபோது, கொட்டில்களில் பாதி சுற்றிய இலை அப்படியே கிடந்தது.

இந்த இறங்குமுகத்தைக் கொட்டிலின் உள்ளிருந்து நோக்கினால் வேறொரு வரலாறு தெரியும். சந்தை சுருங்கும்போது ஓர் ஆலையில் முதலில் முதலாளிக்கே நட்டம் வரும். இயந்திரம் சும்மா நிற்கும், மாதச் சம்பளம் ஓடும், வங்கிக்கு வட்டி ஏறும். ஆகவே அவர் ஒரு முடிவெடுக்க நிர்ப்பந்திக்கப்படுகிறார். சுருட்டுக் கொட்டிலில் அவ்வாறன்று. இயந்திரமில்லை, மாதச் சம்பளமில்லை. தெற்கிலிருந்து வரும் கட்டளை பாதியாகக் குறைந்தால், கொட்டிலுக்கு வரும் இலையும் பாதியாகும், அவ்வளவுதான். கிழமையில் ஆறு நாள் சுற்றியவர் நாலு நாள் சுற்றுவார். பின் இரண்டு நாள். எவரும் எவரையும் வேலைநீக்கம் செய்யவில்லை. 'இலை இல்லை' என்ற இரு சொற்களே போதும். மாதக்கணக்கில் நீளும் இந்த அரைவேலை, வேலையின்மையிலும் கொடிது. வேலை போய்விட்டது என்றால் மனிதன் வேறு வழி தேடுவான். நாளைக்கு இலை வரலாம் என்றால் வாசலிற் காத்திருப்பான். காத்திருக்கும் காலத்தில் முற்பணம் மட்டும் வளரும். இவ்வாறு தொழிலின் நலிவு முழுவதும் சிந்தாமற் சிதறாமல் தொழிலாளியின் அடுப்புக்குக் கடத்தப்பட்டது. முதலாளி முதலை வெளியே எடுப்பதற்குத் தேவையான அவகாசத்தைத் தொழிலாளியின் பட்டினியே அவருக்கு ஈட்டிக் கொடுத்தது என்பது கடுமையான கூற்றாகத் தோன்றலாம். கொட்டில் முதலாளிகளின் மக்கள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆகியதும், முதல் துணிக்கடைக்கும் லொறிக்கும் பின்னர் கடல்கடந்தும் சென்றதும் ஊரறிந்தவை. அதிற் குற்றம் காண்பதற்கில்லை. எந்தத் தகப்பனும் செய்வதே. அந்த அவகாசம் மற்றத் தகப்பனுக்குக் கிடைக்கவில்லை என்பதே வழக்கு. சிறு முதலாளிகள் சிலர் தம் தொழிலாளரைப் போலவே நொடித்துப்போனதும் உண்மை. அவர்களைப் பொறுத்தவரை இக்கூற்றின் கடுமை குறைத்துக்கொள்ளப்படலாம்.

சட்டம் எங்கே இருந்தது என்ற கேள்வி இயல்பானது. சட்டங்களுக்கு இந்நாட்டிற் குறைவிருந்ததில்லை. 1941 இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. அது துண்டுவேலைக்காரரையும் விலக்கவில்லை, ஓர் ஊழியரை வைத்திருப்பவரையும் விட்டுவிடவில்லை. ஆனால் நிதியிற் பணம் சேரவேண்டுமாயின் ஒரு பெயரேடு வேண்டும். பெரும்பாலான கொட்டில்களில் ஆட்களின் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே கொப்பி முற்பணக் கொப்பிதான். தொழிலாளரைத் தான்தோன்றியாக வேலைநீக்குவதைத் தடுக்க 1971 இல் வந்த சட்டமும், பணிக்கொடை வழங்க 1983 இல் வந்த சட்டமும் பதினைந்து பேருக்குக் குறைந்த தொழிலகங்களைத் தம் எல்லைக்கு வெளியே நிறுத்தின. பத்துப்பேர் இருந்து சுற்றும் கொட்டில் தானாகவே வெளியே நின்றது. முப்பதுபேர் சுற்றினாலும் அவர்களை மூன்று வளவில் மூன்று பெயரில் இருத்துவதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை. தொழிற்றிணைக்களம் கொழும்புத் துறைமுகத்தைக் கண்டது, தோட்டங்களைக் கண்டது. ஓலை வேய்ந்த கொட்டிலை அது ஒரு தொழிலகமாகக் காணவேயில்லை.

இதே குடாநாட்டில், சில மைல் வடக்கே, 1950 இல் இயங்கத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையை இதனோடு ஒப்பிடலாம். அதுவும் 1990 இல் போரினால் நின்றது. அதன் தொழிலாளரும் இடம்பெயர்ந்தனர். அவர்கள் பட்ட பாடும் சிறிதன்று. ஆயினும் அவர்கள் பெட்டிக்குள் ஒரு நியமனக் கடிதம் இருந்தது. சேமலாப நிதி இலக்கம் ஒன்று இருந்தது. தாம் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இன்ன பதவியில் உழைத்தவர் என்று ஒரு மேசைக்கு முன் நின்று சொல்ல அவர்களால் முடிந்தது. அதே குண்டுக்கும் அதே இடப்பெயர்வுக்கும் ஆளான சுருட்டுத் தொழிலாளி சொல்வதற்கு எதுவுமற்று நின்றார். போர் இருவரையும் ஒரேயளவில் அடித்தது. விழுந்த இடம் மட்டும் ஒன்றாக இருக்கவில்லை. எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதி மூடிவிடுவோருக்கு இவ்வொப்பீடே போதிய விடையாகும்.

வேறு வழியே இருக்கவில்லை என்று கூறுவோருக்கு மலையாள நாட்டின் வடபகுதியிலிருந்து ஒரு விடையுண்டு. இந்திய நாடாளுமன்றம் 1966 இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் வேலை நிபந்தனைகள் பற்றிய சட்டத்தை இயற்றியது. ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாட்டின் அமைச்சரவை 1968 இல் அதனைக் கேரளத்தில் நடைமுறைப்படுத்த முனைந்தவுடன், மங்களூரைத் தலைமையாகக் கொண்ட பெரும் பீடிக் கொம்பனிகள் தம் கிளைகளை மூடிக்கொண்டு வெளியேறின. ஏறத்தாழ 12,000 தொழிலாளர் தெருவில் நின்றனர். முதலாளி போய்விட்டால் தொழில் போய்விடும் என்ற வாய்பாடு மெய்யாயின் அவர்கள் கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். 1969 இல் அவர்கள் கண்ணூரிற் கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் மத்திய கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். அரசு கடனும் பங்குமூலதனமும் கொடுத்துத் துணைநின்றது. அச்சங்கம் ஒரு கட்டத்தில் 42,000 பேரளவிற்கு வேலை கொடுத்தது. சேமலாப நிதி, சம்பளத்துடன் விடுமுறை, பணிக்கொடை, ஓய்வூதியம் யாவும் அங்கு நடைமுறைக்கு வந்தன. அங்கும் பத்திரிகை வாசிப்பு இருந்தது; அங்கும் துண்டுவேலைதான்.

இவற்றினும் மனங்கொள்ளத்தக்கது அடுத்து நிகழ்ந்ததே. பீடியும் நலியும் தொழில்தான் என்பதைச் சங்கம் முன்கூட்டியே உணர்ந்தது. 1990களின் பிற்பகுதி முதல் உணவுப்பொருள், குடை, ஆடை எனப் புதிய துறைகளிற் கால்வைத்தது; கணினித் துறையையும் தொட்டது. பீடி சுற்றும் கைகளின் தொகை இன்று பெரிதும் குறைந்துவிட்டது. அதாவது அங்கும் தொழில் நலிந்தது. ஆனால் நலிவின் வேகத்தையும் வழியையும் தீர்மானிக்கும் மேசையில் தொழிலாளி அமர்ந்திருந்தார். புதிய முயற்சிகள் யாவும் பழைய தொகையினர்க்கு வேலை கொடுத்துவிடவில்லை என்ற குறையும் உண்டு. இருப்பினும் ஓய்வுபெற்ற ஒருவர் வெறுங்கையுடன் வீடு செல்லவில்லை.

கேரளத்தில் அரசு சாதகமாயிருந்தது, சங்கம் பலமாயிருந்தது, யாழ்ப்பாணத்தில் அவை இல்லை என்பது அடுத்துவரும் தடை. 1969 இல் யாழ்ப்பாணத்திற் போரும் இல்லை, பொருளாதாரத் தடையும் இல்லை. கூட்டுறவு என்ற சொல் இம்மண்ணுக்குப் புதியதுமன்று. மலையாளச் சந்தைக்குப் புகையிலை விற்பதற்கெனக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள் இவர்கள். மூளாயிற் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நடத்திக் காட்டியவர்கள். 1970களிற் கள்ளிறக்கும் தொழிலாளருக்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. மரத்தில் ஏறியவர்கள், ஊர் தம்மைத் தாழ்த்தி வைத்திருந்த நிலையிலும், தம் உழைப்பின் விலையைத் தாமே நிருவகிக்கும் அமைப்பைப் பெற்றனர். விளைவித்தவருக்குச் சங்கம் இருந்தது, விற்றவருக்குச் சங்கம் இருந்தது. இடையில் இருந்து சுற்றியவருக்குத் தொழில் முழுவதையும் தழுவிய ஒரு கூட்டுறவு எழவில்லை. அதனை இயலாமை என்று கூறுவது பொருந்தாது. உறவுமுறையும் முற்பணமும் சேர்ந்து, கேட்க வேண்டியவர் வாயை அடைத்திருந்தன; கேளாததைக் கொடுக்க எவரும் முன்வரவில்லை.

இனிச் சுகாதாரம் பேசுவோரின் வாதம். புகையிலை நஞ்சு, அதனைச் சார்ந்த தொழில் அழிவதே நன்று, அதற்கு இரங்குவானேன் என்பது. புகையிலை நஞ்சென்பதில் ஐயமில்லை. சுருட்டுத் தொழிலை மீட்டெழுப்ப வேண்டுமென்று வாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமுமன்று. அந்நஞ்சை நாள்முழுவதும் மூச்சிலும் தோலிலும் ஏற்றவர் புகைத்தவருக்கு முன்னே சுற்றியவரே. புகைப்பவரின் நுரையீரலுக்காக இரங்கும் நெஞ்சம் சுற்றியவரின் நுரையீரலை எண்ணாதிருப்பது வியப்பே. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டக இணக்கப்பாட்டை இலங்கை 2003 இல் ஏற்று உறுதிசெய்தது. அதனையொட்டி 2006 இல் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபைச் சட்டம் வந்தது. விளம்பரம் தடைசெய்யப்பட்டது, இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு விற்பது குற்றமாயிற்று. நல்லனவே. அதே இணக்கப்பாட்டின் 17 ஆம் உறுப்புரை, புகையிலைத் தொழிலாளர், செய்கையாளர், சில்லறை விற்பனையாளர் ஆகியோருக்குப் பொருளாதார ரீதியில் நிலைக்கக்கூடிய மாற்று வாழ்வாதாரங்களை ஊக்குவிக்கும் கடமையை அரசுகளுக்கு விதிக்கிறது. 2020க்குள் புகையிலைச் செய்கையையே நிறுத்திவிடுவதாக அரசு ஒருமுறை அறிவித்ததும் உண்டு. அவ்வாண்டு வந்தது, போயிற்று. தடைக்கு ஆண்டு குறிக்கத் தெரிந்தவர்களுக்கு 17 ஆம் உறுப்புரையைப் புரட்ட நேரம் கிடைக்கவில்லை. கையொப்பமிட்ட ஓர் உடன்படிக்கையில் ஏழைக்குரிய பக்கத்தை மட்டும் மடித்து வைத்துவிட்டு எஞ்சிய பக்கங்களை அறநெறியாக ஓதுவது அறமாகாது.

கற்ற சமூகத்தின் பங்கும் இதில் உண்டு. சுருட்டுச் சுற்றப் போய்விடுவாய் என்பது படியாத பிள்ளையை வெருட்டும் வசையாக இக்குடாநாட்டில் வழங்கியது. அவ்வசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் கொட்டிலிலிருந்து எவ்வளவு தொலைவுக்கு ஓட முடியுமோ அவ்வளவு தொலைவுக்கு ஓடினர். சுற்றியவரின் பிள்ளைகளே முதலில் ஓடினர். பல்கலைக்கழக விண்ணப்பப் படிவங்களில் தந்தையின் தொழில் என்ற கூட்டில் 'கூலி' என்றோ 'வியாபாரம்' என்றோ எழுதப்பட்டது. தந்தையின் விரற்கறையைப் பிள்ளை மறைத்தமைக்குப் பிள்ளையைக் குறைகூறலாகாது. ஆனால் அவ்வாறு மறைக்கப்பட்டமையாலேயே, ஒரு தலைமுறையின் உழைப்பு ஆய்வேடுகளில் 'குடிசைக் கைத்தொழில்' என்ற தலைப்பின்கீழ் அரைப் பக்கமாகச் சுருங்கியது. சிகரெற் கொம்பனியின் வரலாற்றை அதன் ஆண்டறிக்கைகளிலிருந்து எவரும் எழுதிவிடலாம். கொட்டிலின் வரலாறு முதிய சிலரின் நினைவில் மட்டுமே உள்ளது. அந்நினைவும் ஆண்டுதோறும் குறைந்துவருகிறது.

ஆங்காங்கே எஞ்சிய சில கொட்டில்களில் இன்றும் முதியவர் சிலர் இருந்து சுற்றுகின்றனர். சுற்ற முடியாதவர்கள் வீடுகளில் உள்ளனர். நரம்பு கிழித்த பெண்களை எவரும் தொழிலாளர் என எண்ணியதேயில்லை. இவர்களுக்கு ஒரு மாதாந்த உதவுதொகை வழங்கப்பட வேண்டும் என்று கோரினால், இவர்கள் சுருட்டுத் தொழிலாளர் என்பதற்குச் சான்று எங்கே என்று அலுவலகம் கேட்கும். போரிற் காணி உறுதி தொலைத்தவருக்கும் பிறப்புச் சான்றிதழ் எரிந்தவருக்கும் சத்தியக் கடதாசியும் கிராம அலுவலர் உறுதியும் சான்றாக ஏற்கப்பட்ட நாட்டில் இது விடை காண முடியாத கேள்வியன்று. உடன் சுற்றிய இருவர் சொல்லும் வாக்குமூலம் ஒரு சான்று. இன்னொரு சான்றும் உண்டு. சேமலாப நிதிக்குப் பெயர் எழுதாத முதலாளிகள் முற்பணக் கொப்பியை மட்டும் பிழையின்றி எழுதி வைத்தனர். இடப்பெயர்விலும் சில வீடுகளில் அக்கொப்பிகள் காணி உறுதிகளோடு சேர்த்துக் காப்பாற்றப்பட்டிருத்தல் கூடும். எந்த ஆள், எந்த ஆண்டு, எந்த மாதம், ஆயிரத்துக்கு எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று அவற்றில் இருக்கும். அவற்றைப் பெட்டகத்திலிருந்து வெளியே எடுத்துத் தொழிற்றிணைக்களத்தின் மேசையில் வைப்பது அக்குடும்பங்களின் கடன். அங்கிருந்து பெயர்களைப் படியெடுத்துப் பட்டியலாக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஒரு வகுப்பு மாணவருக்கு ஒரு விடுமுறை போதும்.